முன்பக்கத்துச் சத்தம்

"இப்ப ஆட்டுங்க அண்ணி" என்று பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி தம்பி குரல் கொடுத்தான்.

மேலே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் அசைத்தாள். தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிற வேகம்கூட அதில் இல்லை. அவள் கண் ஸ்டியரிங்கில் இல்லை, வீட்டு ஜன்னலில் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார்.

"ஒண்ணும் வரல. இன்னும் கொஞ்சம் பலமா ஆட்டுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. நான் உள்ள போறேன்."

"ரெண்டே நிமிஷம் அண்ணி. அண்ணன்தானே அனுப்பினாரு."

அண்ணன்தான் அனுப்பினார். அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் மனமில்லாமல் வந்தவள் மனமில்லாமலேதான் உட்கார்ந்திருந்தாள். இறங்கி ஓடுவதற்கு வசதியாகக் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தாள். அடியில் கிடந்தவனுக்கு அந்தக் காலின் செருப்பு மட்டும் தெரிந்தது.

தம்பி மெக்கானிக். ஊரில் அவனுக்குக் "காது" என்று பட்டப்பெயர். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி வந்து நிற்பதற்குள், உள்ளே டீ குடித்துக்கொண்டே, "முன்பக்கம் வலது பால் ஜாயின்ட் போயிருக்கு" என்று சொல்லிவிடுவான். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற குண்டு மூட்டு அது. தேய்ந்துபோனால் பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்று தட்டும். மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ் போனால் முனகும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் கடகடக்கும். அவனுக்கு ஆட்களின் முகம் மறந்து போகும், அவர்கள் வண்டியின் சத்தம் மறக்காது. வண்டியின் சத்தத்தைச் சொன்னால்தான் ஆள் யாரென்று பிடிபடும்.

அப்பேர்ப்பட்டவனுக்கு அண்ணனுடைய பிக்கப் மட்டும் தண்ணி காட்டியது.

மெதுவாகத் திருப்பத்தில் திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு 'டக்'. அப்புறம் சத்தமே இருக்காது. நேர் ரோட்டில் சமர்த்தாக ஓடும். பால் ஜாயின்டை மாற்றினான். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பிகளின் முனைகளை மாற்றினான். புஷ் எல்லாம் புதுசு போட்டான். ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினான். ஒவ்வொரு முறையும் அண்ணன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வாசலில் திருப்பி நிறுத்தும்போது, சொல்லிவைத்த மாதிரி 'டக்' என்று கேட்கும். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரிப்பார்.

"டேய் காது, இந்த வண்டியில இப்ப பழசுன்னு இருக்கிறது நான் மட்டும்தான்டா. என்னையும் மாத்திடு."

அவருக்கு அது வெறும் சத்தம் இல்லை. அவர் கண்ணாடி ஏற்றுகிறவர். பின்னால் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடிகளைக் கட்டி வைத்துக்கொண்டு, கடையிலிருந்து கட்டடங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு வண்டியில் தெரியாத சத்தம் ஒன்று இருந்தால் நிம்மதியாக ஓட்ட முடியாது. அவர் ஓட்டுவதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள், வண்டியில் பிரசவத்துக்குப் போகிறவள் யாராவது இருக்கிறாளா என்று. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பவே மாட்டார். "நின்னபடி முறிச்சா அதுக்கு வலிக்கும்டா" என்பார். துளி நகர்த்திக்கொண்டுதான் திருப்புவார். அந்த சீட்டில் வேறு யாரையும் உட்காரவும் விடமாட்டார்.

இந்த மாதிரிச் சத்தத்தைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் இரும்பு வழியாக ஓடும். வலது பக்கத்தில் தட்டுவது இடது பக்கத்தில் கேட்கும். எவ்வளவு பெரிய காதாக இருந்தாலும் கடைசியில் கைதான் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் மேலே அண்ணன், கீழே தம்பி. அண்ணன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்வார், அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார். சத்தம் வராது.

அண்ணனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அந்தப் பிக்கப்பில்தான். அவர் வயிற்றுக்குள் வளர்ந்திருந்த கட்டியைப் பற்றிப் பெரிய டாக்டர் மிகவும் மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதையிலேயே அண்ணிக்கும் தம்பிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அண்ணன் அடம்பிடித்தார். தம்பி ஓட்ட, நடுவில் அண்ணன், ஓரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி. மருத்துவமனை வாசல் திருப்பத்தில் 'டக்' என்றது. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"அது என்னன்னு பாருடா. அது தெரியாம நான் எப்படிப் போறது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். வேறு எதைப் பிடித்துக்கொள்ள? மாத்திரைக்குப் பேர் அவனுக்குத் தெரியாது. வலி வரும்போது பக்கத்தில் நிற்கத் தெரியாது. அண்ணி தலையணையை மாற்றுவாள், துடைத்துவிடுவாள், சட்டையைக் கழற்றுவாள். அவன் வாசல்படியில் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். அண்ணனுக்காக அவனால் செய்யக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் காது கேட்காமல் போவதற்குள் அதைச் செய்து காட்ட வேண்டும்.

ஆனால் மேலே உட்கார ஆள் இல்லை.

அன்று காலையில் அண்ணனே அதற்கு வழி சொன்னார். அப்போதெல்லாம் அவரால் விழுங்க முடியவில்லை. நாக்கு வறண்டால் விரலை அசைப்பார், இல்லாவிட்டால் "தண்ணி" என்று காற்றாக ஒரு சொல் வரும். கட்டிலை விட்டு நகராமல் தம்ளரும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருக்கிற அண்ணி ஒரு ஸ்பூன் தண்ணீரை நாக்கில் விடுவாள். வாசல்படியில் நின்ற தம்பியைப் பார்த்து அவர் மெல்லச் சொன்னார்.

"இவளை உக்கார வச்சுப் பாரேன்."

"எங்க?"

"என் சீட்டுல."

அண்ணி ஸ்பூனைத் தம்ளரில் போட்டாள். "என்னை விட்டுடுங்க. நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். நாக்கு வறண்டா யாரு தண்ணி விடுறது?"

"வறண்டா கூப்பிடறேன். ஜன்னலைத் திறந்து வை. எனக்கும் கேக்கும்."

"ஒண்ணும் வேணாம்."

"போயேன்மா. அவன் முகத்தைப் பாரு, பாவம்."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தம்பியும் அவளைப் பார்த்தான். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வாங்க அண்ணி, ரெண்டு நிமிஷம்தான்" என்றான். அவனுக்கு ஆசையாக இருந்தது. அவள் தம்ளரை முக்காலியில் வைத்து, முக்காலியைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தி, ஜன்னலை விரியத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு வந்தாள்.

"பலமா அண்ணி" என்றான் இப்போது கீழேயிருந்து. ஜாக்கி வைக்கவில்லை. சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், பாரம் மூட்டில் இருக்கட்டும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. கூடாது என்று சொல்ல அந்த சீட்டில் அண்ணன் இல்லை. "பயப்படாதீங்க, உடையாது. உங்க கோபத்தையெல்லாம் அது மேல காட்டுங்க."

"கோபமா? எனக்கு வர்ற கோபத்துக்கு..." அண்ணி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க ஒருத்தர் கிடக்கிறாரு. இங்க என்னைக் கொண்டாந்து இந்தப் பாழாப்போன வண்டியில உக்கார வச்சிட்டு... அண்ணன் தம்பிக்கு வண்டிதான் உசுரு. இத்தனை வருஷமா நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்டுல?"

தொங்கிக்கொண்டிருந்த செருப்புக் கால் உள்ளே போனது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

'டக்.'

தம்பி பால் ஜாயின்டுக்குக் கையைக் கொண்டுபோனான். "இன்னொரு தடவை."

அவள் அந்தப்பக்கம் இழுத்தாள். 'டக்.' அவன் கை பால் ஜாயின்டில் இருந்தது. அங்கே இல்லை. கம்பி முனைக்குப் போனான். அங்கேயும் இல்லை. 'டக்', 'டக்' என்று அவள் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே இழுக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கை மேலே ஏறி, ஸ்டியரிங்கின் திருப்பலைக் கம்பிகளுக்குக் கடத்துகிற பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸ், வண்டியின் அடிச்சட்டத்தில் உட்காருகிற இடத்துக்குப் போனது. பெட்டி மொத்தமும் விரல் நுனியில் ஒரு நூல் அளவுக்கு நகர்ந்து வந்து முட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தான். தகட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு போல்ட்டைச் சுற்றிச் செக்கச்செவேலென்று துருப்பொடி. உரசி உரசி உதிர்ந்த பொடி. அந்த போல்ட் தளர்ந்துபோய் எவ்வளவோ நாளாகிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. கண்ணாடி ஏற்றிப் பழகிய கை, ஸ்டியரிங்கை நோகாமல்தான் ஆட்டியிருக்கிறது. அண்ணன் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அந்தச் சத்தம் அவனுக்குச் சிக்கியிருக்கவே சிக்காது.

"அண்ணி, கிடைச்சிருச்சு!" அடியில் கிடந்தபடியே சிரித்தான். "பாக்ஸ் போல்ட்டு அண்ணி! வெறும் போல்ட்டு! இதுக்கா இத்தனை நாளு!"

"நிஜமாவா?" அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கிடைச்சிருச்சாம்! கேட்டுச்சா? போல்ட்டாம்!"

ஜன்னலிலிருந்து பதில் இல்லை. அவர் குரல் அவ்வளவு தூரம் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இன்னும் ரெண்டு தடவை நல்லா இழுங்க அண்ணி. அவரு காதுல விழட்டும்."

அவள் இழுத்தாள். இந்தத் தடவை கோபமில்லாமல், குஷியாக, விளையாட்டு மாதிரி இரண்டு இழுப்பு கூடவே இழுத்தாள். அப்புறம் இறங்கினாள். அவனும் முதுகு மண்ணைத் தட்டாமலே பின்னால் போனான்.

அண்ணனின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. தம்பி, "அண்ணே, பாக்ஸ் போல்ட்டு" என்றுதான் ஆரம்பித்தான். அண்ணி அவர் மூக்கின் கீழே கையை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு குனிந்து முக்காலியைப் பார்த்தாள். தம்ளர் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் முக்காலியில் பரவி, விளிம்பில் தேங்கி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி கேட்டிருக்காரு" என்றாள்.

தம்பி சாய்ந்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"கூப்பிடறேன்னாரே. கூப்பிட்டிருப்பாரு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். திட்டுகிற முகம் இல்லை அது, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற முகம். "ஊருல போற வர்ற வண்டிச் சத்தமெல்லாம் உனக்குக் கேக்குமே தம்பி. உனக்கும் கேக்கலையா?"

அதன் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் நடத்தியது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நாற்காலிகள் வந்தன. போன் பேச ஒருவர், ஐஸ் பெட்டிக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு வேலையை எடுத்துக்கொண்டார்கள். தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்தவர்களும் "நீ உக்காருப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடம் யாருக்காவது தேவைப்பட்டது. தள்ளி நின்றான். அங்கிருந்தும் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அண்ணி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி கேட்டிருக்காருங்க. நான் பக்கத்துல இல்ல." எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பி பெயரை ஒரு தடவைகூட இழுக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நாலு பேர் நடுவில் வைத்துக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் அந்தச் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். முதல் 'டக்', அவள் அழுகை, அடுத்த 'டக்', அவன் சிரிப்பு. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஏதாவது கேட்டதா? ஒரு தம்ளர் சாய்கிற சத்தம், காற்றாக வருகிற ஒரு சொல்? இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. போல்ட் கிடைத்த சந்தோஷத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அவர் போனாரா, அதுவும் தெரியவில்லை. இதைக் கை வைத்துப் பார்க்க வழியில்லை.

மதியம் கண்ணாடிக் கடைக்காரர் ஆட்களோடு வந்தார். வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒத்தைக் கண்ணாடி உடைச்சதில்லப்பா மனுஷன்" என்று யாரிடமோ சொன்னார். "நாங்க கடைக்குள்ள வச்சே உடைப்போம். அவரு ரோட்டுல உடைச்சதில்ல."

உடலைக் கொண்டுபோகிற வண்டி உள்ளே வர வேண்டுமென்றால் பிக்கப்பை நகர்த்த வேண்டும். சாவி ஆணியில் தொங்கியது. தையல்காரர் உதவுகிற எண்ணத்தில் தானே போய் சீட்டில் ஏறி, நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடித்தார். 'டக்' என்றது. கூட்டத்தில் யாருக்கும் அது ஒரு சத்தமாகவே படவில்லை. உள்ளே அண்ணியின் அழுகை மட்டும் சட்டென்று நின்றது.

தம்பி ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "ஸ்டார்ட் பண்ண வேணாம். தள்ளிக்கலாம்." கண்ணாடிக் கடை ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அவன் வெளியே நின்றபடி ஒரு கையை ஜன்னலுக்குள் விட்டு, வண்டி நகர நகர ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான், அண்ணன் திருப்புகிற மாதிரி, அதைவிடவும் மெதுவாக. சத்தம் வரவில்லை. வண்டி தெருவோர வேலியை ஒட்டிப் போய் நின்றது. பிறகு அண்ணனைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் கூட்டம் கரைந்துவிட்டது. நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தையல்காரர் வீட்டில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அண்ணி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எல்லோரிடமும் பேசியவள் அவனிடம் மட்டும் நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "காபி தரட்டா அண்ணி?" என்று கதவருகே நின்று கேட்டான். போட்டு வைத்த காபி ஆறியது. அவன் வாசலுக்கு வந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்ப் பிக்கப்புக்கு அடியில் படுத்தான்.

அதில் வேலையே இல்லை. துருப்பொடியைத் துடைத்தான். தகட்டுக்குப் பின்னால் கையை நுழைத்து ஸ்பேனரை மாட்டினான். இரண்டு சுற்றில் போல்ட் இறுகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தான், இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். மாற்றிய சாமான்கள், கழற்றிய சக்கரங்கள், அண்ணனின் கேலி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சுற்றுதான் மருந்தாக இருந்திருக்கிறது.

இறுகியதா என்று பார்க்க யாராவது மேலே உட்கார்ந்து ஆட்ட வேண்டும். கூப்பிட ஆள் இல்லை. பெட்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே கிடந்தான். இறுக்கியதைத் துடைத்துவிட்டு வெளியே வந்தால் அப்புறம் அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அதனால் வெளியே வரவில்லை.

மண்ணில் செருப்புச் சத்தம் வந்தது. யாருடையது என்று அவனுக்குப் பார்க்காமலே தெரிந்தது. செருப்பு டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றது. கதவு திறந்தது. சீட்டின் ஸ்பிரிங் முனகி அடங்கியது. இந்தத் தடவை கால் வெளியே தொங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

ஸ்டியரிங் திரும்பியது. மெதுவாக இல்லை. நேற்று மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து, மொத்த பலத்தையும் போட்டு.

"வருதா?" மேலேயிருந்து அண்ணியின் குரல்.

அவன் விரலின் கீழே பெட்டி அசையவில்லை. "இல்ல அண்ணி."

அந்தப்பக்கம் இழுத்தாள். முன்சக்கரம் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பியது.

"இப்ப?"

"இல்ல."

"நல்லா கேளு தம்பி."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். டயர் மண்ணில் தேய்ந்தது. தையல் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. மேலே அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள், இந்தப்பக்கம் ஒரு தடவை, அந்தப்பக்கம் ஒரு தடவை. ஆட்டுகிறவரைப் போதும் என்று நிறுத்தச் சொல்ல வேண்டியவன் கீழே இருப்பவன்தான். அவன் சொல்லவில்லை. சக்கரத்தின் கீழே மண்ணில் ஒரு சின்னக் குழி விழுந்துகொண்டிருந்தது.